போர்டு செத்துப்போச்சா? பைட் எங்கே நின்னுச்சுன்னு பாருங்க

போன செமஸ்டர், புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஆர்டுயினோ யூனோவில் கோடு ஏத்தினால் "நாட் இன் சிங்க்" என்று பத்து முறை வரிசையாக எர்ரர். சிப்பு போயிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி, விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி, புது போர்டு வாங்கிட்டு வந்தேன். அதிலும் அதே எர்ரர்! ரிவ்யூ கோவிந்தா. 0, 1 பின்களில் ப்ளூடூத் மாட்யூலின் வயர் அப்படியே இருந்தது. போர்டை மாத்தினவன் வயரைக் கழட்டவே இல்லை.

உங்கள் கோடு மெமரிக்குப் போகும் வழியைப் பாருங்க. லேப்டாப், யூஎஸ்பி கேபிள், போர்டில் இருக்கும் யூஎஸ்பி சிப்பு, அங்கிருந்து சீரியல் லைன், பிறகு ஏடிமெகா 328பி-க்குள் இருக்கும் பூட்லோடர், கடைசியில்தான் 32 கேபி ஃப்ளாஷ் மெமரி. "நாட் இன் சிங்க்" என்றால் பூட்லோடரிடமிருந்து சரியான பதில் வரவில்லை. ஃப்ளாஷ் வாசலையே நாம் தொடவில்லை, அதற்குள் அதன் மேல் பழி!

முதலில் 0, 1 பின்களைக் காலி பண்ணுங்க. யூனோவில் யூஎஸ்பி சிப்பின் சிக்னல் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் 0 பின்னுக்கு வருகிறது. நேரடியாக அங்கே உட்கார்ந்திருக்கும் மாட்யூல் அதைச் சுலபமாக அமுக்கிவிடும். போர்ட்டே காட்டவில்லையா? சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளாக இருக்கும், அல்லது சிஎச்340 டிரைவர் போட்டிருக்க மாட்டீங்க. நானோ வைத்திருப்பவர்கள் டூல்ஸ் மெனுவில் "ஓல்டு பூட்லோடர்" போட்டுப் பாருங்க. பழசு 57600 வேகத்தில் பேசும், புதுசு 115200. வேகம் மாறினால் இரண்டு பேருக்கும் பாஷை புரியாது.

இன்னும் சந்தேகமா? ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்து, 0-வையும் 1-ஐயும் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்துவிட்டு, சீரியல் மானிட்டரில் ஏதாவது டைப் பண்ணுங்க. அடித்தது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப்பு மூன்றும் நலம். கோளாறு அதற்கு அப்பால்.

"வெரிஃபிகேஷன் எர்ரர்" வேற ரகம். எழுதி முடித்ததும் மென்பொருள் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது, அதில் பொருந்தவில்லை. ஃப்ளாஷில் அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதுவது என்பது 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-வைத் திரும்ப 1 ஆக்க அந்தப் பக்கம் முழுவதையும் அழிக்கணும். நம்ம ஊர் நடுவீட்டுக் கோலம் மாதிரி: அரிசி மாவு காய்ந்த பிறகு இழை சேர்க்கலாம், ஒரு இழையை மட்டும் எடுக்க முடியாது, மொத்தமாகக் கழுவணும். அழிக்காமல் மேலேயே எழுதினாலும் இந்த எர்ரர் வரும்.

இங்கே ஒரு காரியம் செய்யுங்க. மூன்று முறை ஏத்தி, எந்த பைட்டில் தவறுகிறது என்று குறித்து வையுங்க. முகவரி ஒவ்வொரு முறையும் மாறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது பவர்தான் காரணம். போர்டின் 5 வோல்ட்டில் செர்வோ மோட்டார் தொங்குகிறதா? கழட்டுங்க. மூன்று முறையும் நடுவில் அதே முகவரி என்றால்தான் ஃப்ளாஷைச் சந்தேகப்படலாம்.

பூட்லோடர் இல்லாத புது சிப்பில் ஐஎஸ்பி வழியாக எழுதுகிறீர்களா? ஃபேக்டரியிலிருந்து அது 1 மெகா ஹெர்ட்ஸில் ஓடும். ஐஎஸ்பி கிளாக் அதில் கால் பங்குக்கும் கீழே, அதாவது 250 கிலோ ஹெர்ட்ஸுக்குள் இருக்கணும். யூஎஸ்பிஆஸ்ப் புரோகிராமரில் ஸ்லோ கிளாக் ஜம்பர் இருந்தால் போட்டுவிடுங்க. சிக்னேச்சர் முழுவதும் சுழியமாக வந்தால் வயரிங்கைப் பாருங்க. 1இ 95 0எஃப் வரவேண்டிய இடத்தில் 1இ 95 14 வந்தால் உங்கள் கையில் இருப்பது 328பி இல்லை, வெறும் 328. சிப்பு நல்லாத்தான் இருக்கு, பெயர்தான் தப்பு.

சரி, மெமரி நிஜமாகவே சாகாதா? ஃப்ளாஷுக்கு 10,000 முறை அழித்து எழுத உத்தரவாதம் உண்டு. தினம் பத்து முறை ஏத்தினாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் வரும். ஆனால் ஈஈப்ராம் கதை வேற. அதற்கு 1,00,000 முறை. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு முறை எழுத ஏறத்தாழ 3.4 மில்லி செகண்ட். லூப்புக்குள் டிலே இல்லாமல் ஒரே முகவரியில் "ரைட்" போட்டால் ஆறு நிமிஷத்துக்குள் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும்! ஒரு டீ ஆறும் நேரம். "ரைட்"டுக்குப் பதில் "அப்டேட்" போடுங்க, மதிப்பு மாறினால் மட்டும் எழுதும். ஏற்கெனவே கெடுத்துட்டீங்களா? போர்டைத் தூக்கிப் போடாதீங்க. மொத்தம் 1024 பைட், வேறொரு முகவரிக்கு மாத்திக்கலாம்.