துணை நிற்போர் யார்? நாமே வரையும் ஒரு வரைபடம்

இப்பாடத்தின் நோக்கம்: மண்சரிவினாலோ, அணைக்கட்டு, சுரங்கப்பாதை போன்ற வேலைகளினாலோ வீட்டையும் காய்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் சில கேள்விகளுக்குக் கூடியிருந்து விடை காண்பது. நமக்காக ஆய்வு செய்யக்கூடியவர் யார்? நமக்காகப் பேசக்கூடியவர் யார்? நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

தேவையானவை: ஒரு சீமெந்துத் தரை, கோலமாவு, சிறு கற்கள், சோளமணிகள், ஒரு கொப்பி. பதினைந்து இருபது பேர் இரண்டு மாலைகளில் இப்பாடத்தைச் செய்து முடிக்கலாம்.

1. ஒரு தாயின் கேள்வி

இடைத்தங்கல் முகாமுக்கு விபரம் திரட்ட வரும் இளைஞரிடம் ஒரு தாய் இப்படிக் கேட்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்: "தம்பி, போன மாசமும் ஒரு புள்ள வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனிச்சி. அதுக்கு முந்தியும் ரெண்டு பேரு வந்தாங்க. எழுதினது எங்க போச்சி?"

இந்தக் கேள்வியைச் சலிப்பு என்று ஒதுக்கக்கூடாது. நம்மைப் பற்றிய விபரம் பலருடைய பைல்களில் இருக்கிறது. நம் கையில் மட்டும் இல்லை. எழுதியவருக்கும் தீர்மானிப்பவருக்கும் இடையே பாதை இருக்கிறதா என்பதும் நமக்குத் தெரியாது. அந்தப் பாதை அறுந்தால் என்ன நடக்கும் என்பதை ஊவாவிலேயே கண்டோம்.

2. மீரியபெத்த தரும் பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த மலையைப் பற்றி யாருக்கும் தெரியாமல் இருக்கவில்லை. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் 1990 முதலே மண்சரிவு ஆபத்து வரைபடங்கள் தயாரிக்கும் வேலை நடந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் மீரியபெத்த பாதுகாப்பான இடமல்ல என்று எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். "விலகிப் போங்கள்" என்ற சொல்லோடு, போய்க் குடியேற ஒரு துண்டு நிலமும் சேர்ந்து வரவில்லை.

ஆய்வு நடந்தது, அறிக்கையும் இருந்தது. ஆனால் ஆபத்தை அறிந்தவர், நிலத்தை ஒதுக்கக்கூடியவர், லயத்தில் உறங்கியவர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் இருத்தும் ஒருவர் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் நாட்களில் காணாமற்போனோர் தொகை முந்நூறு என்றும், பின்னர் இருநூறுக்குக் கீழ் என்றும், அதன்பின் இன்னும் குறைவாகவும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு லயத்திலும் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலின் பிரதியொன்று வேறோர் இடத்தில் மக்களிடமே இருந்திருந்தால், இறந்தவர்களின் எண்ணிக்கைக்காக இப்படி வாதாட நேர்ந்திராது. தப்பியவர்களுக்கென்று பூனாகலைப் பகுதியில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டன. இரண்டு வருடங்கள் முகாமில் கழிந்தன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. ஆகவே இது பழைய கதையல்ல. ஸ்பிரிங்வெளியிலும் நமுனுகுலைச் சரிவுகளிலும் மழை வலுக்கும் ஒவ்வோர் இரவும் இதே கேள்வி எழுகிறது.

3. தோட்டத்து இடப்பெயர்வு ஏன் வேறு?

கிராமத்தில் ஒரு விவசாயி காணியை இழந்தால், உறுதியைக் காட்டி நட்டஈடு கேட்கலாம். நம்மிடம் காட்ட உறுதியில்லை. கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, நடத்துவது கம்பனி, வாழ்வது நாம். லயம் இடிந்தால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டுகிறது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. மலையகத் தொழிற்சங்கங்களும் அமைப்புகளும் பல வருடங்கள் விடாமல் பேசியதன் பயன் அது. சரியான துணைகள் சேர்ந்து நின்றால் சட்டமும் மாறும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சாட்சி.

4. பங்காளி வேறு, பொறுப்பாளி வேறு

வரைபடம் வரையுமுன் இந்த வேறுபாட்டைக் குழுவில் தெளிவாக்குங்கள்.

பொறுப்பாளி என்பவர் சட்டப்படி நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர்: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பிரதேச சபை, அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், தோட்ட நிர்வாகம். இவர்களிடம் நாம் கேட்பது தயவு அல்ல, கடமை.

பங்காளி என்பவர் தாமாக முன்வந்து நம்மோடு நிற்பவர்: தொழிற்சங்கம், திருச்சபைகளின் சமூகப் பணி நிலையங்கள், மாதர் சங்கங்கள், ஆய்வு அமைப்புகள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள். கண்டியில் 1972 இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம், கரித்தாஸ் நிறுவனம், கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகம், கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. சிலர் ஆய்வில் வல்லவர், சிலர் சட்டத்தில், சிலர் பயிற்சியில். எல்லாவற்றையும் ஒருவரிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இவ்விரண்டுக்கும் நடுவில், 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவும், வசதியற்றோருக்கு வழக்குதவி செய்யும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன. இவை நாம் கதவைத் தட்டினால் திறக்க வேண்டியவை. தட்டுவது நம் வேலை.

5. வரைபடம் வரைவோம்

(அ) தரையின் நடுவில் கோலமாவால் ஒரு வட்டம் இடுங்கள். அது நாம். அதற்குள் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சங்கங்களைச் சோளமணிகளால் குறியுங்கள்: மரண உதவிச் சங்கம், மாதர் குழு, கோயில் கமிட்டி, ஆலயச் சபை, வாலிபர் கழகம், தொழிற்சங்கக் கிளை. பெரும்பாலான குழுக்கள் இவற்றை மறந்துவிட்டு நேரே கொழும்பைத் தேடுகின்றன.

(ஆ) சுற்றிவர மூன்று வட்டங்கள் இடுங்கள்: தோட்டமும் ஊரும், பதுளை, கொழும்பும் அப்பாலும். ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு வெள்ளைக் கல், ஒவ்வொரு பொறுப்பாளிக்கும் ஒரு கறுப்புக் கல் வையுங்கள்.

(இ) இனிக் கோடுகள். அடிக்கடி வந்து போகிறவருக்குத் தடித்த கோடு. அழிவு வந்தால் மட்டும் வருகிறவருக்குப் புள்ளிக் கோடு. வாக்குக் கொடுத்துத் திரும்பாதவருக்கு நடுவில் அறுந்த கோடு.

(ஈ) வெளிவட்டத்தில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். பேசாத இருவருக்கிடையே கோடு இடாமல் விடுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் மீரியபெத்தவின் எச்சரிக்கை தங்கிப்போனது. எந்த வெற்றிடத்தை முதலில் இணைப்பது, அதற்கு யாரை அழைப்பது என்று தீர்மானியுங்கள்.

(உ) பெண்கள் தனியாக ஒரு படம் வரையட்டும். தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே, பிள்ளைக் காம்பரா எங்கே என்று அறிந்தவர்கள் அவர்கள். இரண்டு படங்களும் வேறுபடும் இடங்களில்தான் நல்ல உரையாடல் பிறக்கும்.

முடிந்ததும் படத்தைக் கொப்பியில் பிரதி செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் வரையுங்கள்.

6. ஆய்வு செய்ய வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

ஆய்வாளரை விரட்ட வேண்டாம். அவர் எழுதுவது நமக்கு ஆயுதமாகலாம். ஆனால் பேசுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இந்த ஆய்வு யாருக்காக, யாருடைய பணத்தில் நடக்கிறது? இரண்டாவது, எழுதியதை அச்சிடுமுன் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? மூன்றாவது, எங்கள் பெயரும் படமும் வெளிவருமா? வேலைக்கோ வீட்டுக்கோ இதனால் இடைஞ்சல் வருமானால் என்ன செய்வீர்கள்? நான்காவது, இதை எந்த அதிகாரியிடம், எப்போது கொண்டு செல்வீர்கள்? எங்களில் இருவர் கூட வரலாமா? ஐந்தாவது, நீங்கள் திரட்டும் குடும்ப விபரத்தின் ஒரு பிரதி எங்களிடம் இருக்குமா?

நாமும் வெறுங்கையுடன் இருக்கக்கூடாது. குடும்பப் பட்டியல், அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகள், வாக்காளர் இடாப்பில் நம் பெயருள்ள பக்கம், சுவர் வெடிப்பின் திகதியிட்ட படங்கள், இழந்த மரக்கறிப் பாத்தி, மாடு, ஆடு, கோழி பற்றிய கணக்கு ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று மண்ணுக்குள் போனாலும் மற்றது மிஞ்சும்.

7. கேட்டுப் பெறும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பதில் தராவிட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு.

கேள்வி சுருக்கமாக இருக்கட்டும். "எங்கள் டிவிசன் பற்றிய மண்சரிவு ஆபத்து அறிக்கையின் பிரதி தருக." "வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலையும் தெரிவு செய்த முறையையும் தருக." "மாற்று நிலம் யாருடைய பெயரில் உள்ளது, உறுதி எப்போது வழங்கப்படும்?" இம்மூன்றுக்கும் எழுத்தில் கிடைக்கும் பதில், மேடையில் கிடைக்கும் மூன்று மணிநேரப் பேச்சைவிட மேலானது.

உலக அளவிலும் நமக்கு ஒரு பிடிமானம் உண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகள், யுத்தத்தால் மட்டுமல்ல, இயற்கை அழிவாலும் மனிதர் விளைவித்த அழிவாலும் வெளியேறியோரையும் சேர்க்கின்றன. மீள்குடியேற்றத் திட்டமிடலில் இடம்பெயர்ந்தோரே பங்குபெற வேண்டும் என்றும் கூறுகின்றன.

8. அயலவரும் துணைதான்

உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பாயத் தொடங்கியபின், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, தோட்டப் பயிர் வாடியது. 2017 ஜூனில் பண்டாரவளையில் பெருந்திரளாக மக்கள் கூடினர். கமக்காரர், கடைக்காரர், மதகுருமார் என்று பலதரப்பினரும் அதில் நின்றனர். திட்டம் நிற்கவில்லை, 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் குடிநீரும் நட்டஈடும் பற்றிய கேள்வி அமைச்சரவை மேசைவரை போனது. வற்றிய கிணறு சிங்களம், தமிழ் பார்ப்பதில்லை. நம் வரைபடத்தில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் கமக்காரர் சங்கத்துக்கு ஒரு வெள்ளைக் கல் இருக்கிறதா?

9. இறைவார்த்தையின் ஒளியில்

நெகேமியா எருசலேமுக்கு வந்தவுடன் கூட்டம் போடவில்லை. இரவில் சிலரோடு மட்டும் போய் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். எது எரிந்தது, எது சரிந்தது என்று அறிந்தபின்தான் மக்களிடம் பேசினார். மூன்றாம் அதிகாரத்தில் யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியல் வருகிறது. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியையே கட்டினார்கள். ஐந்தாம் அதிகாரத்திலோ வயல்களை அடகு வைத்த ஏழைகளின் கூக்குரல் கேட்கிறது. நெகேமியா அதைத் தள்ளிப்போடவில்லை. மதில் வேலையின் நடுவிலேயே பெரியவர்களைக் கூட்டி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

கலந்துரையாடலுக்கு:

1. நம் படத்தில் எந்தக் கோடு அறுந்திருக்கிறது? அதைக் கட்ட இந்த மாதம் யார் போவது?
2. இதுவரை நம்மிடம் விபரம் பெற்றுச் சென்றவர்கள் யார் யார்? அவர்களில் யாரிடம் பிரதி கேட்டு எழுதலாம்?
3. குடும்பப் பட்டியல் எந்த இரண்டு இடங்களில் இருக்கும்? யார் பொறுப்பு?
4. இடம்பெயர்ந்தவர்களில் நம் கூட்டத்துக்கே வராதவர்கள் யார்? ஏன் வரவில்லை?

நான்காம் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வரைபடம் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். வராதவரின் வீட்டு வாசலுக்கு இருவராகப் போங்கள். அவர்கள் பெயரையும் நடுவட்டத்தில் ஒரு சோளமணியாக வைத்தபின் கொப்பியில் பிரதி செய்யுங்கள்.