புதுவீடு புகும் நகரவாசி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர் படும் பாட்டை அது சுருங்கச் சொல்கிறது. இன்றைய நகரங்களில் எளிய மக்கள் பலர் தம் வீட்டைத் தாமே கட்டுவதில்லை. அரசு, மாநகராட்சி, வீட்டுவசதி வாரியம் ஆகியவை கட்டித் தரும் குடியிருப்புகளில் குடியேறுகின்றனர். இவர்களுக்கு, கட்டும் சிரமத்தைக் காட்டிலும் குடியேறி நிலைப்பதில் உள்ள சிரமமே பெரிது. திட்ட அறிக்கையில் வேலை முடிந்ததாகக் குறிக்கப்படும் நாளில்தான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது. சாவி கைக்கு வந்த நாள் முதல் ஓராண்டுக் காலம் ஒரு நகரவாசியின் அன்றாட வாழ்வு எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றம் வீட்டுவசதித் திட்டங்களின் வெற்றி தோல்வியை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பற்றாக்குறையும் பூட்டிய வீடுகளும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் நகர்ப்புற மக்கள் தொகை சுமார் 37.7 கோடி, அதாவது மொத்த மக்களில் 31 விழுக்காட்டினர். குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் சுமார் 6.5 கோடி. மைய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012ஆம் ஆண்டில் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1.88 கோடி என மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்ததாகும்.

இவ்வெண்ணைப் பார்க்கும் மாணவர் இரண்டு உண்மைகளை உடன் கவனிக்க வேண்டும். முதலாவது, பற்றாக்குறையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கூரையே இல்லாதோரைக் குறிப்பதன்று; இட நெருக்கடியில் வாழும் குடும்பங்களைக் குறிப்பது. இரண்டாவது, அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. ஒருபுறம் நெருக்கடி, மறுபுறம் பூட்டிய கதவுகள். வீடுகளின் எண்ணிக்கையை உயர்த்துவதால் மட்டும் இப்பிரச்சினை தீராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீடு எங்கே இருக்கிறது, யாருக்குக் கட்டுபடியாகிறது, அங்கு வாழ்க்கை நடத்த முடியுமா என்னும் கேள்விகளும் உடன் எழுகின்றன.

இப்பணியில் அரசின் முயற்சிகள் நீண்ட வரலாறு உடையவை. 1956ஆம் ஆண்டில் குடிசைப் பகுதிகள் பற்றிய மையச் சட்டம் இயற்றப்பட்டது. 1970ஆம் ஆண்டில் ஹட்கோ எனப்படும் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டமும், 2015ஆம் ஆண்டில் பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டமும் தொடங்கப்பட்டன. பிந்தைய திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் 1.18 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. மேலும் ஒரு கோடி குடும்பங்களுக்கான இரண்டாம் கட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கியது. கட்டும் ஆற்றல் வளர்ந்துள்ளது. குடியமர்த்தும் கலை அதற்கு இணையாக வளர்ந்துள்ளதா என்பதே கேள்வி.

குடும்ப வரவு செலவில் மாற்றம்

குடிசைப் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டட வேலைக்குச் செல்கிறார். மனைவி அருகிலுள்ள மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறார். காலையில் ஒரு வீடு முடித்து, தன் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மீண்டும் அடுத்த வீட்டுக்கு நடந்தே செல்கிறார். இந்த ஏற்பாடு முழுவதும் பத்து நிமிட நடைத் தொலைவில் அமைந்துள்ளது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு மூதாட்டி பார்த்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் மூலைக் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுக்கிறார்.

இக்குடும்பம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அடுக்குமாடி வீட்டுக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழையில் ஒழுகாத கூரையும், தனிக் கழிப்பறையும், தாழிடக்கூடிய கதவும் கிடைக்கின்றன. இவை சிறிய பேறுகள் அல்ல. இருட்டும் வரை காத்திருந்து வெளியே சென்ற பெண்ணுக்குக் கழிப்பறை என்பது மானத்தோடு கூடிய விடுதலையாகும்.

ஆனால் குடும்பத்தின் செலவுப் பட்டியலில் புதிய இனங்கள் சேர்கின்றன: மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், மோட்டார், மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பராமரிப்புத் தொகை, பேருந்துக் கட்டணம். வரவிலோ மூன்று வீட்டு வேலை ஒன்றாகக் குறைகிறது, அல்லது அடியோடு நின்றுபோகிறது. கடன் கொடுத்த கடைக்காரரும், குழந்தையைப் பார்த்துக்கொண்ட மூதாட்டியும் பழைய இடத்திலேயே இருந்துவிடுகின்றனர். இவ்விருவரின் உதவி எந்த அரசுப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அது அக்குடும்பத்தின் வருமானத்தில் ஒரு பகுதியே ஆகும்.

அகமதாபாத் தரும் பாடம்

மேற்கூறியது வெறும் ஊகமன்று. 1987ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில் பீடி சுற்றும் பெண் தொழிலாளருக்காக வீட்டுக் குலுக்கல் ஒன்று நடைபெற்றது. 497 பேர் பங்கேற்றனர். 110 பேருக்கு வீடு விழுந்தது. வீடுகள் நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் கட்டப்பட்டன. குலுக்கல் என்பதால் வெற்றி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. எனவே ஆய்வுக்கு இது மிக ஏற்ற களமாயிற்று.

வீடுகள் ஒப்படைக்கப்பட்டு 14 ஆண்டுகளுக்குப் பின் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவு சிந்தனைக்குரியது. வீடு பெற்றோரில் 34 விழுக்காட்டினர் அங்குக் குடியேறவே இல்லை. மேலும் 32 விழுக்காட்டினர் குடியேறிப் பின்னர் வெளியேறினர். ஆக, மூவரில் ஒருவரே புதிய வீட்டில் நிலைத்தனர். குலுக்கலில் வீடு பெறாதவர்களோடு ஒப்பிடும்போது குடும்ப வருமானத்திலோ பிள்ளைகளின் கல்வியிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. உறவினர், சுற்றத்தாரிடமிருந்து பிரிந்ததால், நோய் நொடி முதலிய நெருக்கடிகளில் கைகொடுப்போர் குறைந்தனர்.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. மும்பையில் வீட்டுவசதி வாரியம் குலுக்கல் முறையில் சலுகை விலைக்கு விற்ற வீடுகளைப் பெற்றோரிடையே நிகழ்ந்த ஆய்வு, வருமானம், கல்வி ஆகியவற்றில் முன்னேற்றத்தைக் கண்டது. அங்கு வீடு பெற்றவர் அதிலேயே குடியிருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; பிழைப்புக்கு ஏற்ற இடத்தில் தாம் வசித்துக்கொண்டு புதிய வீட்டை வாடகைக்கு விட முடிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். குடும்பத்தின் கையில் தேர்வுரிமை இருக்கும்போது வீடு சொத்தாகிறது. அஃது இல்லாதபோது சுமையாகவும் ஆகக்கூடும்.

தில்லி, மும்பை, இந்தூர்

தில்லியின் வடமேற்கு எல்லையில் உள்ள சாவ்தா கேவ்ரா மறுகுடியமர்வுப் பகுதியில் 2006ஆம் ஆண்டு முதல் நகரின் பல குடிசைப் பகுதி மக்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு 18 சதுர மீட்டர் அல்லது 12.5 சதுர மீட்டர் மனை கிடைத்தது. வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்க ஆண்டுகளில் தண்ணீருக்கு லாரியை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். இதே தில்லியில், கால்காஜிப் பகுதியில் பழைய குடியிருப்பின் அருகிலேயே கட்டப்பட்ட 3,024 அடுக்குமாடி வீடுகள் 2022ஆம் ஆண்டு நவம்பரில் திறந்து வைக்கப்பட்டன. இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது நிலத்தின் விலையால் கடினம் என்று கூறப்படுவதுண்டு. தொலைவில் குடியமர்த்துவதன் விலையைக் குடும்பங்கள் நாள்தோறும் பேருந்துக் கட்டணமாகவும் இழந்த கூலியாகவும் செலுத்துகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மும்பையின் பிரச்சினை வேறு வகையானது. 1995ஆம் ஆண்டில் தொடங்கிய குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 225 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்பட்டது. பின்னர் 269, அதன்பின் 300 சதுர அடி என அளவு உயர்த்தப்பட்டது. தனியார் கட்டுநரின் முதலீட்டால் அரசுக்குச் செலவு குறைந்தது. ஆனால் குறைந்த நிலத்தில் மிகுந்த வீடுகளை அடுக்கியதால், சில குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு இடையே வெளிச்சமும் காற்றும் நுழைய வழியில்லை. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு, காற்றோட்டமும் சூரிய ஒளியும் குன்றிய வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. வீட்டின் பரப்பளவோடு, இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளியின் அளவும் பொதுச் சுகாதாரத்தைச் சேர்ந்தது என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இந்தூர் நகரின் அரண்யா குடியிருப்பு. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் நிறுவனம் 1980களில் இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக இதனை வகுத்தது. சுமார் 85 ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 6,500 மனைகள் ஒதுக்கப்பட்டன. ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. சிறிய மனை, அடித்தளம், தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உடைய ஒரு கரு ஆகியன மட்டுமே தரப்பட்டன. கையில் பணம் சேரச் சேரக் குடும்பம் ஓர் அறை கட்டியது, பின்னர் மாடி எழுப்பியது, தெருப்பக்கம் சிறு கடை வைத்தது. பல வருவாய்ப் பிரிவினரும் ஒரே குடியிருப்பில் இடம் பெற்றனர். 1995ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக் கலை விருதை இக்குடியிருப்பு பெற்றது. வீட்டை வளரும் பொருளாகக் கருதியதே இதன் சிறப்பு.

முதல் ஓராண்டு: கவனிக்க வேண்டியவை

குடியேறிய முதல் ஆண்டிலேயே பெரும்பாலான குடும்பங்கள் நிலைப்பதா திரும்புவதா என்பதை முடிவு செய்ய நேர்கிறது. ஆகவே திட்ட அதிகாரிகளின் பணி சாவி வழங்கும் விழாவோடு முடிந்துவிடலாகாது. பின்வருவன சிறப்பாகக் கவனிக்கத் தக்கவை.

1. பள்ளி: கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தல் கூடாது. பல பெற்றோர் இதனை அறியார். புதிய குடியிருப்புக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் உள்ளதா என்பதைக் குடியேற்றத்திற்கு முன்பே உறுதி செய்தல் வேண்டும். இயன்றவரை கோடை விடுமுறையில் குடியேற்றம் நடைபெறுதல் நன்று.

2. பங்கீட்டுப் பொருள்: ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2022ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்துவிட்டது. ஆயினும் புதிய பகுதியில் கடையே இல்லையெனில் அட்டையால் பயனில்லை. கடை, சுகாதார நிலையம், அங்கன்வாடி ஆகிய மூன்றும் முதல் குடும்பம் வரும் நாளிலேயே இயங்க வேண்டும்.

3. போக்குவரத்து: வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியற்காலையில் புறப்படுவோர். அலுவலக நேரத்தை மட்டும் கருதி வகுத்த பேருந்து அட்டவணை அவர்களுக்கு உதவாது.

4. பராமரிப்பு: மோட்டார் பழுதானால் யார் பணம் தருவது, மின்தூக்கி நின்றால் யாரிடம் முறையிடுவது என்பவை குடியேறும் முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். குடியிருப்போர் சங்கம் காகிதத்தில் பதிவானால் போதாது. கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் அதற்குப் பயிற்சி தேவை. முதல் சில ஆண்டுகள் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியைத் திட்ட நிதியே ஏற்பது குடும்பங்களுக்குக் கால் ஊன்ற அவகாசம் தரும்.

5. அண்டை அயலார்: பழைய பகுதியில் அடுத்தடுத்து வாழ்ந்தோர்க்கு, குலுக்கலைத் தனித்தனியே நடத்தாமல் குழுவாக ஒரே கட்டடத்தில் வீடு ஒதுக்கலாம். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டியும் உடன் வந்துவிடுவார். முதியோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் தரைத்தளம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.

6. பெண்ணின் உரிமை: பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம் வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டாகவோ பதிய வலியுறுத்துகிறது. பதிவோடு நில்லாமல், வீட்டின் அமைப்பைப் பற்றியும் பெண்களின் கருத்தைக் கேட்டறிதல் பயன் தரும். துணி உலர்த்தும் இடம், தையல் இயந்திரம் வைக்கும் மூலை, அப்பளம் காயவைக்கும் மொட்டை மாடி ஆகியவற்றை வரைபடம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே பொருள் ஈட்டும் பெண்ணுக்கு அவையே தொழிற்கூடம்.

முடிவுரை

ஒரு வீட்டுவசதித் திட்டத்தின் வெற்றியை எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்பதைக் கொண்டு அளப்பது எளிது. எத்தனை வீடுகளில் ஓராண்டுக்குப் பின்னும் அடுப்பு எரிகிறது என்று கேட்பது சற்றுக் கடினம். ஆனால் இரண்டாவது கேள்வியே உண்மையான கேள்வி. குடியேறிய ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஓர் அலுவலர் ஒவ்வொரு கதவையும் தட்டி, யார் இருக்கின்றனர், யார் சென்றுவிட்டனர், ஏன் சென்றனர் என்று கேட்டறிந்து பதிவு செய்தால், அடுத்த திட்டத்தின் வரைபடம் தானாகவே திருந்தும்.

புதுமனை புகுவோர் பால் காய்ச்சி வாழ்வைத் தொடங்குவது நம் வழக்கம். அப்பால் பொங்கிய அடுப்பு அணையாமல் காக்கும் பொறுப்பில் குடும்பத்தோடு நிர்வாகமும் பங்கேற்குமாயின், கட்டிய சுவர்கள் யாவும் இல்லங்களாக நிலைபெறும்.