சிமெண்ட் தரைக்கு ஆகாதது மூச்சுக்கும் ஆகாது!

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. காலை எட்டு மணிக்குக் கிளினிக் கதவைத் திறக்கிறேன். வாசல் பெஞ்சில் மாமியாரும் மருமகளுமாக இரண்டு பேர். மருமகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தாள்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரே இருமலுங்க டாக்டர். ஆடாதோடைக் கஷாயம் குடுத்தீங்கன்னா சரியாயிருமுங்க" என்றார் மாமியார்.

நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். நாடி பேசுவதற்கு முன்னால் மூச்சே பேசிவிட்டது. நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் ஓடியது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நேத்து என்ன பண்ணினே அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க. பொங்கலுக்கு வீடு கழுவினேன். சமையல்கட்டுத் தரையில எண்ணெய்க் கறை போகவே மாட்டேங்குதுங்க. அவரு பட்டறையில இருந்து கொண்டாந்த ஆசிட்ட ஊத்தினேன். அப்பவும் போகல. மேல கொஞ்சம் பிளீச்சிங் பவுடரத் தூவித் தேய்ச்சேனுங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஷாயம் கொடுக்கவில்லை. 108-க்குப் போன் செய்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துப் பார்த்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சித்த வைத்தியனுக்குத் தரையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். திருப்பூரில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வரும் இருமலும், மூச்சிரைப்பும், வழுக்கி விழுந்த இடுப்பும் தரையைச் சுத்தம் செய்யும் முறையிலிருந்து வருவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் இந்தப் பாடம்.

தரை என்பது சுண்ணாம்பின் பிள்ளை

நம் ஊர் லைன் வீடுகளிலும் பழைய வீடுகளிலும் சிமெண்ட் தரைதான் அதிகம். மேஸ்திரி கரண்டியால் இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய சாம்பல் தரை. கொஞ்சம் வசதியான வீடென்றால் சிவப்பு ஆக்சைடு கலந்த காவித் தரை. புதுக் கம்பெனிகளில் வைரக்கல் பதித்த மெஷினால் கான்கிரீட்டையே தேய்த்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றுகிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் உயிர் ஒன்றுதான். சிமெண்ட்!

சிமெண்ட் எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சூளையில் சுட்டு அரைத்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ல் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று உரிமம் வாங்கினார். நமக்குப் பக்கத்தில் மதுக்கரையில் 1930-களிலேயே ஆலை வந்துவிட்டது.

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்து இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. இதற்கு ஒரு வீட்டுச் சோதனை உண்டு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா? புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையில் மஞ்சள் தண்ணீர் கொட்டினாலும் அதேபோல் சிவக்கும். தரைக்குள் சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே சாட்சி.

சுண்ணாம்புக்கு எதிரி புளிப்பு. எலுமிச்சை, புளி, தயிர், வினிகர் எல்லாமே புளிப்பின் வகை. ஆயுத பூஜை அன்று வாசலில் நசுக்கிய எலுமிச்சம்பழம் கிடந்த இடத்தைப் பாருங்கள். வட்டமாக வெளுத்திருக்கும். அது அழுக்கில்லை. தரையை அரித்த தழும்பு! எலுமிச்சையே இப்படிச் செய்தால் ஆசிட் என்ன செய்யும்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தரைக்கு மூன்று எதிரிகள்: ஆசிட், காய்ந்த துடைப்பம், தேங்கும் தண்ணீர். வேடிக்கை என்னவென்றால், நம் உடம்புக்கும் இதே மூன்றுதான் எதிரி.

முதல் எதிரி: ஆசிட்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்களுக்குத் திராவகங்களைப் பற்றிப் பாடம் உண்டு. சொட்டுக் கணக்கில், நிறையத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டிய சரக்கு. கூடினால் குடலை அரித்துவிடும் என்று எச்சரித்த பிறகுதான் பாடமே தொடங்கும். அப்படிப்பட்ட சரக்கை இன்று குளிர்பான பாட்டிலில் ஊற்றி, சமையல்கட்டு மூலையில் வைக்கிறோம்!

கடையில் விற்கும் தரை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஊற்றியதும் நுரைக்கிறதே, 'அழுக்கு வெளியே வருகிறது' என்று சந்தோஷப்படுகிறோம். வருவது அழுக்கு மட்டுமல்ல, தரையின் மேல்தோலும் சேர்ந்துதான். பாலிஷ் போய் உள்ளேயிருக்கும் மணல் தலைகாட்டும். அந்தச் சொரசொரப்பு முன்னைவிட அதிகமாக எண்ணெயையும் பஞ்சையும் பிடிக்கும். மறுபடி கறை, மறுபடி ஆசிட். ஒருமுறை அரித்த இடம் தானாகப் பழையபடி வராது.

அதனோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால்? குளோரின் வாயு! முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படரும். குனிந்து தேய்க்கிறவர் முகத்திலும், தவழ்கிற குழந்தையின் மூக்கிலும் நேரே ஏறும். தண்ணீர் பட்டதும் அமிலமாக மாறுவதால், ஈரமான கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். சிலருக்கு உடனே பெரிதாகத் தெரியாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு நான் கஷாயம் கொடுக்கவில்லை.

தவறிப்போய் நடந்துவிட்டால்:

• எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வாருங்கள். 'அலசிவிட்டு வரலாம்' என்று நிற்காதீர்கள்.

• கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவுங்கள். வாயு பட்ட துணியை மாற்றுங்கள்.

• இருமலோ, மூச்சிரைப்போ, நெஞ்சு இறுக்கமோ இருந்தால் 108. வீட்டு வைத்தியம் வேண்டாம்.

• குழந்தை ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது சுட்ட அதே வழியாகத் திரும்பவும் வந்து சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ஆசிட்டைக் கண்டபடி விற்கக் கூடாது, வாங்குகிறவர் பெயர், முகவரியைப் பதிய வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2013-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. பட்டறையிலிருந்து பாட்டிலில் வரும் ஆசிட்டுக்கு எந்தப் பதிவு? அதை நிறுத்த வேண்டியவர்கள் வீட்டு ஆண்கள்தான்.

இரண்டாம் எதிரி: காய்ந்த துடைப்பம்

நம் ஊர்க் காற்றிலேயே பஞ்சு உண்டு. நிட்டிங் மெஷின் ஓடும் இடத்தில் சொல்லவே வேண்டாம். பிசிறும் தூசியும் தரையில் மெத்தை மாதிரி படியும். காய்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் என்ன ஆகும்? பெரிய பிசிறு முறத்துக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத தூசி மூக்குக்குப் போகும். சில கம்பெனிகளில் கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சித் தரையைச் சுத்தம் செய்கிறார்கள். அது இன்னும் மோசம்.

சணல், ஆளி நார் சிக்கெடுக்கிறவர்கள் தூசியால் ஓயாமல் இருமுகிறார்கள் என்று இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700-லேயே தொழிலாளர் நோய்கள் பற்றிய புத்தகத்தில் எழுதிவிட்டார். நூற்பாலைகளில் பல வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு, லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சை அடைக்கும். அமெரிக்காவில் 1978-ல் வந்த பஞ்சுத் தூசி விதியில், தரையைக் காற்று பீய்ச்சிச் சுத்தம் செய்யக் கூடாது என்றே எழுதினார்கள். பனியன் கம்பெனியில் நூற்பாலை அளவுக்குத் தூசி இல்லைதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும் குழந்தைக்கும் கொஞ்சமே போதும்.

வழி என்ன? கம்பெனியில் தூசி உறிஞ்சும் மெஷின். வீட்டில், தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி. அதற்கு நம் ஊர் பனியன் வேஸ்ட்டைவிட நல்ல துணி உலகத்திலேயே கிடையாது! மிருதுவானது, தரையைக் கீறாது, பஞ்சை ஒட்டிக்கொண்டு வரும். வாசலிலிருந்து உள்ளே போகாமல், உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி ஒரே பக்கமாக இழுத்து வாருங்கள். வாசலில் ஒரு கால்மிதி கட்டாயம். பாலிஷைக் கெடுப்பது செருப்போடு வரும் மணல்.

மூன்றாம் எதிரி: தேங்கும் தண்ணீர்

வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். சிமெண்ட் தரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தண்ணீர் உள்ளே போய், அங்கேயுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து காயும். வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். நாம் 'கறை' என்று மறுபடி கழுவுவோம். மறுபடி பூக்கும்!

போதாததற்கு நம் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. சிலர் சிக்கனம் பார்த்து ஆர்.ஓ. மெஷினின் வேஸ்ட் தண்ணீரைத் தரைக்கு எடுக்கிறார்கள். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? அதை டாய்லெட்டுக்கு ஊற்றுங்கள், பாலிஷ் தரைக்கு வேண்டாம். 'நல்ல தண்ணி குடிக்கவே பத்தலீங்களே' என்பீர்கள். நியாயம்தான். கடைசியாக ஒருமுறை துடைக்க மட்டும் அரை வாளி நல்ல தண்ணீர் போதும்.

உப்பு பூத்த இடத்தைக் காயவிட்டு, முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பிறகு ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் குழாய்க் கசிவா, சுவர் ஓதமா என்று பாருங்கள்.

ஈரத் தரையில் பெரியவர்கள் விழுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அறுபது தாண்டியவருக்கு ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிவு, பிறகு மாதக்கணக்கில் படுக்கை. சோப்பு அதிகமானால் அந்த வழவழப்பு காய்ந்த பிறகும் நிற்கும். அதனால் பெரியவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அடுத்த அறையைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு, அப்புறம் அவர்களை நடக்கவிடுங்கள்.

வீட்டு அட்டவணை

1. தினமும்: பிழிந்த துணியால் தூசி எடுத்தல். கொட்டியது எதுவானாலும், முக்கியமாகப் புளிக்குழம்பு, தயிர், எலுமிச்சை, அப்போதே துடைத்தல்.

2. வாரம் ஒருமுறை: ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன். துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொருமுறை, கடைசியாகக் காய்ந்த துணி.

3. எண்ணெய் கொட்டினால்: உடனே மரத்தூளையோ தவிட்டையோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பழைய கறைக்குச் சாக்பீஸ் தூளைத் திரவ சோப்பில் குழைத்து அப்பி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள். ஒரே நாளில் போகாது. மூன்று நான்கு தடவையில் மங்கும்.

4. மாதம் ஒருமுறை, காவித் தரைக்கு மட்டும்: துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, வேறு துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். கையால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கவே கூடாது. இருந்தால் வழுக்கும். பெரியவர் நடக்கும் வழியில் எண்ணெயே வேண்டாம்.

5. துடைத்த துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மூலையில் சுருட்டி வைத்தால், நாளைக்குக் கிருமியைத்தான் வீடு முழுக்கப் பூசுவீர்கள்.

பழைய தரையை மெஷின் வைத்துத் தேய்த்துப் புதுப்பிக்கலாம். ஆனால் காய்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் விட்டுத் தேய்க்கவோ, தூசி உறிஞ்சும் மெஷினோடு தேய்க்கவோ சொல்லுங்கள். அன்றைக்குக் குழந்தைகள் பாட்டி வீட்டுக்குப் போகட்டும்.

சிமெண்ட் தரையிலேயே நின்று வேலை செய்து குதிகால் வெடித்திருந்தால், ராத்திரி வெந்நீரில் காலைக் கழுவித் துடைத்துக் குங்கிலிய வெண்ணெய் தடவுங்கள். தூங்குவதற்கு வெறும் தரை வேண்டாம், கோரைப் பாய் விரியுங்கள். சில்லென்ற தரையில் படுத்தால் வாத உடம்புக்காரர்களுக்கு வலி கூடும்.

மாசி மாதம் அந்த மாமியாரும் மருமகளும் மறுபடி வந்தார்கள். இருமல் நின்றிருந்தது. அப்போதுதான் ஆடாதோடையும் அதிமதுரமும் சேர்த்துக் கஷாயம் எழுதிக் கொடுத்தேன்.

"தரை என்னாச்சு அம்மிணி?"

"கறை போயிருச்சுங்க. ஆனா முறம் அகலத்துக்கு வெளுத்துக் கெடக்குதுங்க. அந்த எடத்துல பாயைப் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"பாப்பா எங்கே தவழுது?"

"அந்தப் பாய் மேலதானுங்க..." என்று சொன்னவள், சட்டென்று கண் கலங்கினாள். அன்று சாயங்காலம் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். கீழே இறக்கி விட்டிருந்தால்?

கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பொங்கலுக்கு வரும் விருந்தாளி தரையைப் பார்த்து நம்மை எடை போட மாட்டார். இன்றைக்கே உங்கள் சமையல்கட்டு மூலையைப் பாருங்கள். குளிர்பான பாட்டிலில் ஆசிட் இருந்தால், முதல் வேலையாக அதை வீட்டைவிட்டு அனுப்புங்கள்!