ஒலி இல்லாத ஒலிப் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘ஒலி’ பாடம். பறை, புல்லாங்குழல், வீணை ஆகியவற்றின் ஓசையைக் கேட்கச் செய்து, ‘எந்தக் கருவியில் எது அதிர்கிறது?’ என்று பேச வைக்கத் திட்டமிட்டிருந்தேன். மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைத்தேன். சுவரில் படம் தெளிவாக விழுந்தது. ஒலி வரவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், பயனில்லை. “சரி, இன்றைக்குப் படத்தை மட்டும் பாருங்கள்” என்றேன்.

முதல் வரிசையில் பார்வைத்திறன் குறையுடைய மாணவி ஒருத்தி இருந்தாள். “அப்ப நான் என்ன செய்யட்டும் டீச்சர்?” என்று கேட்டாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களுக்குப் பாதிப் பாடம் போயிற்று. அவளுக்கு முழுப் பாடமும் போயிற்று.

அன்று மாலையே காரணத்தைத் தேடினேன்.

படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி

எங்கள் புரொஜெக்டர் பழையது. அதில் விஜிஏ இணைப்பு மட்டுமே உண்டு. 1987இல் அறிமுகமான விஜிஏ கேபிளில் 15 ஊசிகள் இருக்கும். அது படத்தை மட்டும் கடத்தும்; ஒலியைக் கடத்தாது. புதிய மடிக்கணினியிலோ எச்டிஎம்ஐ இணைப்புத்தான் இருந்தது. 19 தொடர்பு முனைகள் கொண்ட அது படம், ஒலி இரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றியைப் பொருத்தியிருந்தேன். மடிக்கணினி ஒலியையும் சேர்த்து அந்த மாற்றிக்கு அனுப்பிவிட்டது. மாற்றியின் பக்கவாட்டில் இருந்த சிறிய 3.5 மி.மீ. துளையில் ஒலி காத்திருந்தது. நானோ ஒலிபெருக்கியின் கேபிளை மடிக்கணினியில் சொருகியிருந்தேன். அதை மாற்றியில் சொருகியதும் பறை முழங்கியது. மடிக்கணினியின் ஒலி அமைப்பில் ‘வெளியீடு எங்கே’ என்பதை மாற்றியிருந்தாலும் போதும். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை.

விரலால் ஒரு பாடம்

மறுநாள் கேபிள்களையே பாடப்பொருள் ஆக்கினேன். எதையும் மின்சாரத்துடன் இணைக்காமல் மேசையில் பரப்பினேன். குழுவுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

• இருபுறமும் திருகு இருந்தால் விஜிஏ: படம் மட்டும்.
• தட்டையாக, கீழ்ப்பக்க மூலைகள் சரிந்திருந்தால் எச்டிஎம்ஐ: படமும் ஒலியும்.
• மெல்லிய குச்சி போன்றது 3.5 மி.மீ. பிளக்: ஒலி மட்டும்.
• நடுவில் ஊசியும் சுற்றிலும் வளையமுமாக மூன்று தலைகள் இருந்தால் ஆர்சிஏ: மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு.

முதல் மூன்றையும் அந்த மாணவிதான் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். ஆர்சிஏ வந்ததும் நின்றுவிட்டாள். “மூணும் ஒண்ணுபோலத்தானே இருக்கு டீச்சர்?” உண்மைதான். நிறத்தைத் தவிர அவற்றில் வேறுபாடே இல்லை. பக்கத்தில் இருந்த மாணவன் நூல் கொண்டுவந்தான். மஞ்சளுக்கு ஒரு முடிச்சு, வெள்ளைக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்று கட்டினார்கள். நிறங்களைப் பிரித்தறிய இயலாத பிள்ளைகளுக்கும் இது உதவும்.

வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம்

1. கருவிகளை அணைத்துவிட்டுக் கேபிள்களைச் சொருகுங்கள். வடிவம் பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள், ஊசி வளைந்துவிடும்.
2. படத்தின் வழியை விரலால் தொடர்ந்து பாருங்கள்: எங்கே கிளம்பி எங்கே சேர்கிறது? பிறகு ஒலியின் வழியையும் அப்படியே பாருங்கள்.
3. படம் வராவிட்டால், புரொஜெக்டரில் சரியான உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்தித் திரையைத் தேர்ந்தெடுக்கலாம்.
4. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள்.

ஒலிப் பாடத்தை அந்த வாரமே மீண்டும் நடத்தினேன். இந்த முறை கேபிள்களை இணைத்தது அந்த மாணவி. வீணை ஒலித்ததும், “கம்பி அதிருது டீச்சர்” என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

படம் தெரிந்துவிட்டால் இணைப்பு சரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒலியை மட்டுமே நம்பி ஒரு பிள்ளை நம் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த முறை இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டே பாடத்தைத் தொடங்குவோம்.