நகல் திறக்கிறதா?

கணினியின் வன்தட்டு என்றேனும் ஒருநாள் பழுதாகும். அதிலுள்ள கோப்புகளுக்கு வெளித்தட்டில் ஒரு நகல் தேவை. நாம் மறந்துவிடுவோம், ஆகவே இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைப்போம்.

விண்டோஸ் கணினியில் வெளித்தட்டைப் பொருத்துங்கள். கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி'யைத் திறந்து, 'டர்ன் ஆன்' பொத்தானை அழுத்துங்கள். தட்டு இணைந்திருக்கும் வரை 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' முதலிய கோப்புறைகளில் மாறியவை மட்டும் மணிக்கொருமுறை தாமாகவே நகலாகும்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. எடுத்துவைத்த நகலும் சரியாக இல்லை. ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினியிலிருந்த நகலே கைகொடுத்தது.

ஆகவே, மாதந்தோறும் நகலிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்!