மகள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதணும்னு கேட்டால்...



போன மாதம் மணவாளக்குறிச்சியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "மவளுக்கு கோச்சிங் கிளாஸ் சேரணுமாம். எம்.பி.ஏ.வுக்கு ஏதோ பரீட்சை இருக்காம்." மகள் பி.காம். கடைசி வருடம். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், "அந்த ரூவாய்க்கு ஒரு கம்மலாவது வாங்கிப் போடலாமே" என்றார். பேச்சு வளர்ந்து, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது. கடைசியில் என்னிடம் திரும்பினார்கள்: "மேடம், அது என்ன பரீட்சை? நம்ம பிள்ளைகளால முடியுமா?"

அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

எம்.பி.ஏ. என்பது தொழில் நிர்வாகப் படிப்பு, இரண்டு வருடம். எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம். நம் பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு தேர்வுகள். ஒன்று டான்செட். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. தமிழ்நாட்டில் கவுன்சலிங் மூலம் கிடைக்கும் எம்.பி.ஏ. இடங்களுக்கு இது வேண்டும். இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். இன்னொன்று 'கேட்'. ஐ.ஐ.எம். என்கிற மத்திய அரசு நிறுவனங்களுக்கான தேர்வு. நம் மாநிலத்தில் திருச்சியில் 2011-இல் ஒரு ஐ.ஐ.எம். வந்தது. 'கேட்' வருடம் ஒரு முறை, நவம்பர் கடைசியில். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டுவிட வேண்டும். பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளி என்றால் 45. கடைசி வருடம் படிப்பவர்களும் எழுதலாம். என் யோசனை, டான்செட்டை உறுதியாக வைத்துக்கொண்டு 'கேட்'டையும் எழுதிப் பார்க்கட்டும்.

கேள்வி எப்படி இருக்கும்? நாம் கூட்டத்தில் போடுகிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் 2,000 ரூபாய். மாதம் 1,000 அசல் கட்டக் கட்ட, மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 1,100 ரூபாய்தான். 900 ரூபாய் வித்தியாசம்! இன்னொன்று: 1,000 ரூபாய்க்கு எடுத்த மீனுக்கு 20 சதவீதம் கூட்டி 1,200 என்று விலை சொல்கிறீர்கள். பேரம் பேசுகிறவருக்கு 20 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறீர்கள். அசல் கைக்கு வந்ததா? இல்லை, வந்தது 960. நாற்பது ரூபாய் நட்டம். சதவீதம், வட்டி, லாப நட்டம் எல்லாம் அந்தத் தேர்வில் இந்த வகையில்தான் வருகின்றன, சுற்றி வளைத்துக் கேட்பார்கள். எட்டாவது முதல் பத்தாவது வரை உள்ள கணக்குப் புத்தகங்களை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். 'கேட்'டில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், நாலு விடை கொடுத்துக் கேட்கும் கேள்வியில் தப்பானால் 1 போய்விடும். ஒன்றுமே தெரியாமல் நாலு கேள்விக்குக் குத்துமதிப்பாகக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். வந்த மூன்றும் போய்விடும், நேரமும் வீண். ஆனால் நாலில் ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தெரிந்து தள்ள முடிந்தால் குறிக்கலாம், அதில் கொஞ்சம் லாபம் உண்டு.

மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2023 'கேட்'டில் மொத்தம் 198 மதிப்பெண். அதில் பாதி எடுத்தவர்களே எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்தினார்கள். இதைத்தான் பெர்சன்டைல் என்கிறார்கள்.

கஷ்டமான இடம் ஆங்கிலம். இரண்டு தேர்வும் ஆங்கிலத்தில்தான். இதை மறைத்துப் பேசி என்ன பயன்? ஆறு மாதத்தில் ஓடிவந்து பிடிக்க முடியாது. தினம் ஒரு ஆங்கிலச் செய்தித்தாள் கட்டுரையை வாசித்து, "இவர் என்ன சொல்லுகார்?" என்று நாலு வரியில் எழுதிப் பழக வேண்டும். நூலகத்தில் பத்திரிகை இலவசம். 'கேட்' மாதிரித் தேர்வும் அந்தத் தேர்வின் இணையதளத்திலேயே காசில்லாமல் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் இப்படிப் பழகி, எங்கே இடறுகிறது என்று தெரிந்த பிறகு கோச்சிங் வேண்டுமா என்று பார்க்கலாம். "சீட்டு வாங்கித் தாறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

தாய்மார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் தண்ணி பிடிக்கவும் தம்பிக்குச் சோறு போடவும் எழுப்பக் கூடாது. மகன் படித்தால் எழுப்புவோமா?

சான்றிதழையும் இப்போதே பாருங்கள். ஐ.ஐ.எம். இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5 ஒதுக்கீடு. பி.சி., எம்.பி.சி. என்று நம் மாநிலச் சான்றிதழ் கையில் இருப்பதால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று போட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அந்த நிதி ஆண்டில் வாங்கியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் ஓடினால் கிடைக்காது.

செலவு? ஐ.ஐ.எம்.மில் இரண்டு வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் அளவுக்கு ஆகும். கேட்டதும் தலை சுற்றும். இதற்குக் குழுக்கடன் வழி அல்ல, வங்கிக் கல்விக் கடன்தான் வழி. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் இடம் கிடைத்தால் சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. சென்னை மடிப்பாக்கத்துச் சரத்பாபுவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மா சத்துணவுக்கூட ஆயா, இட்லி விற்று வளர்த்தார். அவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, 2006-இல் சொந்தமாக உணவுத் தொழில் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்தில் குழு 40,000 கொடுக்கவில்லை. விண்ணப்பக் கட்டணத்துக்கும் பழைய வினாத்தாள் புத்தகங்களுக்கும் 5,000 ரூபாய், பத்துத் தவணை என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். அம்மாவுடன் வந்திருந்த மகள், மேலே சொன்ன வட்டிக் கணக்கை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினாள். கம்மல் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு பைனான்ஸ் அட்டையை எடுத்து நீட்டினார். "பிள்ளே, இதுல எனக்கு எவ்வளவு வட்டி போட்டிருக்கான்னு ஒண்ணு பாத்துச் சொல்லு."