நித்திரையில் வரும் பக்கவாதம்

காலம் பொன் போன்றது என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம்; பக்கவாத நோயில் அது பொன்னினும் அரிது. மூளையின் குருதிக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தினை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் ஏற்றுதல் வேண்டும். இரவு நலமாய் உறங்கியவர் விடியலில் கை சோர்ந்து, வாய் கோணி எழுவாராயின், நோய் தொடங்கிய நேரத்தை எவர் அறிவார்? இறுதியாக நலமுடனிருந்த நேரமே கணக்காதலின், இத்தகையோர்க்கு அம்மருந்து நெடுங்காலம் கிட்டவில்லை.

2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று புதுவழி காட்டிற்று. எம்.ஆர்.ஐ. படங்களுள் ஒருவகையில் மூளைச் சேதம் சில நிமிடங்களிலேயே தோன்றும். மற்றொருவகையில் தெளிவாகத் தோன்றச் சில மணி நேரமாகும். முன்னதில் தோன்றிப் பின்னதில் தோன்றாதாயின், நோய் அண்மையில் தொடங்கியது என்க. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோருள், மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 53 பேரும், பெறாதவரில் 42 பேரும் மூன்று மாதத்தில் ஏறக்குறைய முழுநலம் எய்தினர். மூளையில் இரத்தம் கசியும் அபாயமும் உண்டாதலின், தக்காரைத் தேர்தல் மருத்துவர் கடனாம்.

ஹேவாஹெட்ட மலைத்தோட்டங்களிலிருந்து கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் பாதை நெடிது. ஆதலின், உறக்கத்தில் வந்ததுதானே என எண்ணெய் தடவிக் காத்திராது, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை உடனே அழைப்போமாக. நோயாளர் இறுதியாக நலமாயிருந்த நேரத்தையும் மருத்துவர்க்கு மறவாது உரைப்போமாக.